சனிக்கிழமை மட்டும் நேரில்

அக்டோபர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. நேற்றுத் துவைத்த சட்டை இன்னும் கொடியில், ஈரத்தோடு.

மையத்தில் கூட்டம். கூட்டம் என்றால் பொறுப்பாளர் ஹேமலதா மேடமும் நாங்கள் மூன்று ஆசிரியர்களும்தான். பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்பு இனிமேல் 'ஹைப்ரிட்' என்றார். திங்கள், செவ்வாய், வியாழன் மாலை ஆறரைக்குப் போனில். சனிக்கிழமை மட்டும் நேரில். அன்றைக்கும் வர முடியாதவர்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். சித்தூர் மாவட்டத்துக்காரனுக்கு ஹைப்ரிட் என்றால் தக்காளிதான். சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஹே. மேடம் கெட்டவர் இல்லை. "பரந்தாமன் சார், பாதிப் பேர் நடுவுல நின்னுடறாங்க. வேலை, பஸ், பிள்ளைங்க. அவங்க இருக்கிற இடத்துக்கு நாம போகணும்" என்றார், தெலுங்கில். மறுத்துப் பேச ஒன்றுமில்லை. நான் இருக்கிற இடத்துக்கு யார் வருவார்கள்? அதை அங்கே கேட்க முடியாது.

வாங்க வேண்டியது: வெள்ளைப் பலகைக்கு மார்க்கர் (கறுப்பு, நீலம்). காதில் மாட்டும் மைக். கோதுமை மாவு. பல்வலி மாத்திரை.

நாள் முழுவதும் தெலுங்கு. குடிபாலா பள்ளியில் தமிழில் படித்தவன், திருப்பதியில் தெலுங்கில் கணக்கு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்துவிட்டது. தமிழ் எழுதுவது இந்த டைரியில் மட்டும். பெண்டாட்டி சரசு குவைத்திலிருந்து வந்தாலும் இதைப் படிக்க முடியாது. நகரி பக்கத்துக்காரி, எட்டாவது வரை தெலுங்குப் பள்ளி. வீட்டில் பேசுவது தமிழ், எழுத்து தெரியாது. அதனால் எங்கேயும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஒளித்து வைப்பதற்கு இந்த அறையில் வேறு ஆளும் இல்லை.

அக்டோபர் 13, வியாழன்

வெயில். சட்டை காய்ந்தது.

பகலில் வீடியோ பதிவு. வகுப்பைத் தவறவிடுகிறவர்களுக்காகவாம். மூன்று கால் ஸ்டாண்டில் போன், என் நெற்றி உயரத்தில். காலி வகுப்பு. நானே பட்டனை அழுத்திவிட்டு ஓடிப்போய்ப் பலகை முன் நின்றேன். சதவீதம். நன்றாகத்தான் போனது. முடிவில் பழக்கதோஷம், "அர்த்தமயிந்தா?" என்று கேட்டுவிட்டேன். புரிந்ததா என்று கேட்டால் பதில் வர வேண்டும் இல்லையா? நின்றேன்.

பிறகு போட்டுப் பார்த்தோம். கிழவன் ஒருவன் மூன்றாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறான். நான்தான். ஹே. மேடம் மெதுவாக, "அந்த இடத்தை வெட்டிடலாம் சார்" என்றார். வெட்டிவிட்டார்கள்.

மாலை போன் வகுப்பு, அறையிலிருந்து. கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்குள் பெயர். ஒருவரும் முகம் காட்டவில்லை. "சார், விநபடட்லேது... சார், விநபடட்லேது." கேட்கவில்லை, கேட்கவில்லை என்று மூன்று பேர். கத்தினேன். கீழ் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். யாரோடு சண்டை என்று நினைத்தாரோ. இனி மையத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

அக்டோபர் 15, சனி

நேரில் வந்தவர்கள் இரண்டே பேர். கிஷ்டையா, லாட்ஜ் வாட்ச்மேன், பேரன் பேத்தி எடுத்தவர். முனிலட்சுமி, ஏர்பேடு அங்கன்வாடியில் உதவியாளர். பத்து பாஸ் ஆனால் டீச்சராகலாம் என்று ஏர்பேட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். மற்றவர்கள் சுவரில் மாட்டிய டி.வி.க்குள்.

யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. டி.வி.யைப் பார்த்தால் முனிலட்சுமிக்கு என் முதுகு. அவளைப் பார்த்தால் "சார், கேமராவைப் பாருங்க" என்று வாசலில் இருந்து ஹே. மேடம்.

நீயும் போனிலேயே சேரலாமே, பஸ் அலைச்சல் மிச்சம் என்று மு.ல.விடம் கேட்டேன். "போன் பையன்கிட்ட இருக்கும் சார். என்கிட்ட இருந்தாலும் வீட்டில நான் படிக்கிறவளா இருக்க முடியாது. தண்ணி எங்கே, பனியன் எங்கேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. இங்க வந்தாத்தான் யாரும் கூப்பிட மாட்டாங்க."

புளிஹோரா, நம்ம புளிசாதம், கொண்டு வந்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். டி.வி.யை அணைக்க மறந்துவிட்டோம். உள்ளே இருந்து ஒரு குரல், "எங்களுக்கு இல்லையா?" கிஷ்டையா சிரித்துச் சிரித்துப் புரையேறினார். இந்த வாரத்தில் நல்ல நேரம் அதுதான்.

அக்டோபர் 21, வெள்ளி

சரசுவுக்கு வெள்ளிதான் கொஞ்சம் ஓய்வு. பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

"துன்னீங்களா?"

"துன்னேன்."

"இன்னா?"

"உப்புமா."

"மறுபடியுமா?"

"ம். கிழவி எப்டி கீது?"

"கீது. என்னைக் கூப்டுக்கினே கீது."

கிழவி என்பது அவள் பார்த்துக்கொள்ளும் அரபிக்காரம்மா. நடக்க முடியாது. சரசு என்று சொல்ல வராமல் 'ஸரா'. பேச்சுக்கு நடுவே பின்னால் இருந்து அந்தக் கூப்பாடு, இழுத்து, கடைசியில் மேலே ஏறி: "ஸராஆ!" உடனே சரசு போனை வைத்துவிடுவாள். முகம் பார்த்ததில்லை. குரலைக் கூட்டத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பேன். எத்தனை வருடம்.

ஹைப்ரிட் பற்றிச் சொன்னேன். "அப்டியா" என்றாள். பேச்சை மாற்றினாள்.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவாள், திரும்பப் போவதில்லை. அப்படித்தான் பேச்சு. மகள் கவிதா நாயுடுபேட்டையில், கம்பெனி வேலை. அம்மாவும் மகளும் தினமும் பேசுகிறார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை. குறை சொல்லவில்லை. எனக்குப் போனில் பேச வராது.

கோதுமை மாவில் வண்டு.

நவம்பர் 8, செவ்வாய்

மழை. கரண்ட் இரண்டு முறை போனது.

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

போன் வகுப்பு, மையத்திலிருந்து. இருபடிச் சமன்பாடு. புதிதாகச் சிலர் சேர்ந்திருப்பதாக ஹே. மேடம் முன்பே சொல்லியிருந்தார். "வெளிநாட்டிலிருந்து கூடச் சேர்றாங்க சார்" என்று பெருமை. காரணிப்படுத்திக்கொண்டிருந்தேன். யாரோ மைக்கைத் திறந்துவைத்திருந்தார்கள். பாத்திரம், தண்ணீர், ஏதோ மெஷின். மைக்கை மூடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஸராஆ!"

கையில் மார்க்கர். அப்படியே நின்றேன்.

பிறகு சரசுவின் குரல், அரபியில், இதோ வருகிறேன் என்பதுபோல் ஒன்று. மைக் மூடிக்கொண்டது. கட்டத்துக்குள் இருந்த பெயரைத் தேடினேன். கே. சரஸ்வதி. பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர். சரஸ்வதி என்ற பெயர் எல்லா ஊரிலும் உண்டு, நான் கவனித்ததில்லை.

"சார், நெட் போயிடுச்சா?" என்று யாரோ. இல்லை என்றேன். மிச்சத்தையும் நடத்தினேன். கூட்டல் குறியைக் கழித்தலாகப் போட்டுவிட்டேன், ஒரு பெண் திருத்தினாள். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக "தேங்க்யூ சார்". கே. சரஸ்வதியும் எழுத்தில் அனுப்பியிருந்தாள், தேங்க்யூ சார் என்று.

நவம்பர் 9, புதன்

கவிதாவுக்குப் போன் செய்தேன். அவள்தான் சேர்த்துவிட்டிருக்கிறாள். "அம்மா சொல்ல வேணாம்னுச்சு நைனா. நான் இன்னா பண்றது?"

ஏன் சொல்ல வேண்டாம்?

"அத்த நீங்களே கேளுங்க."

பல் டாக்டரிடம் போகவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 11, வெள்ளி

பத்து மணிக்கு முன்பே நான் கூப்பிட்டேன்.

"துன்னீ..."

"எங்கிட்ட சொல்லாம சேர்ந்துட்டியே சரசு."

"கிழவி கத்தும்போதே நினைச்சேன், கண்டுபுடிச்சிருப்பீங்கன்னு."

"எதுக்கு மறைக்கணும்?"

"சொன்னா எதுக்கு இந்த வயசுலன்னுவீங்க."

"வர்றவங்கிட்ட எல்லாம் அப்டியா சொல்றேன்? பேரன் எடுத்த கிஷ்டையாவுக்குச் சொல்லித் தரேன்."

"அவுரு உங்க பொண்டாட்டி இல்லியே."

சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவளே சொன்னாள். கிழவியின் மகள் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள். பத்தாவது சான்றிதழ் கேட்கிறார்கள். இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

"அங்கயா?"

"இங்கதான்."

"மார்ச்சுல வரேன்னியே."

"பரீட்சைக்கு வரேங்க. ஏப்ரல்ல. எழுதிட்டு..." கிழவி கூப்பிட்டாள். வைத்துவிட்டாள்.

வெளியே போய் மெயின் ரோடு வரை நடந்தேன். மலைக்குப் போகிற பஸ்கள். குடும்பம் குடும்பமாக, மொட்டைத் தலைகள், சந்தனம். ஒரு டீ. திரும்பி வந்தேன்.

அங்கேயே இருப்பதற்குப் படிக்கிறாள். அதற்குக் கணக்கு நான் சொல்லித் தர வேண்டும்.

நவம்பர் 19, சனி

இந்த வாரம் சரசுவின் பெயரைக் கூப்பிடவில்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, வியாழன் இல்லை. வேண்டுமென்றுதான். சந்தேகம் கேட்டு எழுத்தில் அனுப்பினாள், பார்க்காததுபோல் அடுத்த கணக்குக்குப் போனேன். நேற்று வெள்ளி, கிழவிக்குக் காய்ச்சல் என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

இன்று முனிலட்சுமி பெஞ்சிலிருந்து எழுந்து, டி.வி.யைக் காட்டி, "சார், அந்தக் குவைத் அம்மா அப்போலேர்ந்து கையைத் தூக்கிக்கிட்டே இருக்காங்க. நீங்க பார்க்கலியா?" திரையில் சின்னதாக மஞ்சள் கை. இவர்களுக்கு யார் என்று தெரியாது.

"சொல்லும்மா" என்றேன். எல்லாப் பெண்களையும் அம்மா என்றுதான் கூப்பிடுவது. பெண்டாட்டியை அம்மா என்று கூப்பிட்டேன்.

சரசு தெலுங்கில் பேசினாள். என்னோடு அவள் தெலுங்கில் பேசியதே இல்லை. வேறு ஆள் மாதிரி இருந்தது, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து எடுத்து வைத்து. "சார், இந்த எக்ஸ் எந்த எண்ணுன்னு ஒரு கணக்கில கண்டுபிடிச்சாச்சு. அடுத்த கணக்கில மறுபடி ஏன் தெரியாம போகுது?"

டி.வி.க்குள் இரண்டு பேர் சிரித்தார்கள். கிஷ்டையா, "எனக்கும் அதே சந்தேகம் சார், கேக்க வெட்கமா இருந்துச்சு" என்றார்.

நல்ல கேள்வி என்றேன். நிஜமாகவே நல்ல கேள்வி. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. பலகையை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கேமராவைப் பார்த்தே நடத்தினேன். ஹே. மேடத்துக்கு ஆச்சரியம்.

நவம்பர் 25, வெள்ளி

சரசு கூப்பிட்டாள். துன்னீங்களா கேட்கவில்லை. "பயிற்சி எட்டு புள்ளி ரெண்டு, நாலாவது கணக்கு, எனக்கு வேற விடை வருது" என்றாள். கணக்கைப் பற்றிப் பேசினோம். சண்டையே போட்டோம். அவள் விடைதான் சரி, புத்தகத்தில் அச்சுப்பிழை. எவ்வளவு நேரம் பேசினோம் என்று போனில் பார்த்து நானே அசந்துபோனேன்.

பிறகு அவளாகவே சொன்னாள். "கோவமா கீறீங்களா?"

"இல்ல."

"கிழவி நல்லவதாங்க. ஆனா நான் படுக்கிறது அவங்க வூட்டு ரூம்ல. துன்றது அவங்க சமையல்கட்டுல. லீவுன்னா கூட அங்கதான் கீறேன். ஆஸ்பத்திரின்னா நேரத்துக்குப் போவலாம், நேரத்துக்கு வரலாம். தனியா ரூம் தருவாங்க. ஒரு தடவ யூனிபார்ம் போட்டுக்கினு வேலைக்குப் போய் வரணும்ங்க. ரெண்டு வருசம். அப்பறம் வந்துடறேன்."

நான் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பேனா வைத்துக்கொண்டு, நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தவன். வாசலில் நாலு பேர் சார் என்பார்கள். அதெல்லாம் எனக்குத் தானாகக் கிடைத்தது.

"முக்கோணத்துல தேற்றம் ரெண்டும் கண்டிப்பா வரும், மனப்பாடம் பண்ணு" என்றேன்.

"சரி சார்" என்றாள், கிண்டலாக.

டிசம்பர் 10, சனி

புயல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஏர்பேடு பஸ் ஓடவில்லை. கிஷ்டையாவுக்கு லாட்ஜில் மோட்டார் போட ஆள் இல்லையாம். வகுப்பில் நான் மட்டும். பாதி நனைந்துவிட்டேன்.

டி.வி.யைப் போட்டேன். சிலர் இருந்தார்கள். அதில் ஒரு கட்டம் திடீரென்று வெளிச்சமானது. சரசு கேமராவைத் திறந்திருந்தாள். வகுப்பில் முதல் தடவை. கண்ணாடி போட்டிருக்கிறாள்! எப்போதிலிருந்து? வெள்ளிக்கிழமைகளில் கழற்றிவிடுவாள் போல. துணி துவைக்கிற சின்ன அறை. மேலே கொடியில் பெரிய பெரிய வெள்ளை அங்கிகள். வாஷிங் மெஷின் மேல் நோட்டு. அதுதான் டெஸ்க். மெஷின் சுற்றும்போது நோட்டும் கையும் ஆடுகின்றன. வீட்டுப்பாடத்துப் படங்களில் அவள் எழுத்து ஏன் நடுங்குகிறது, உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

"சார், இன்னைக்கு அங்க யாரும் வரலியா?" என்றாள் தெலுங்கில்.

"யாரும் வரலம்மா. மழை."

"நாங்க இருக்கோம் சார்."

எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கேமராவைத் திறந்தார்கள். ஒருவர் ஆட்டோவுக்குள். ஒரு பெண் மாட்டுக்கொட்டகையில், பின்னால் எருமை. சூத்திரத்தைப் பலகையில் எழுதினேன். ஓட்டில் மழை அடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டதாம்.

வீட்டுக்கு வந்தபோது அறைக்குள் ஒழுகியிருந்தது. பாய், ஒரு தலையணை. டைரி மேலே இருந்ததால் தப்பித்தது.

ஜனவரி 16, திங்கள்

மாட்டுப் பொங்கல். கவிதா வீட்டுக்குப் போகவில்லை, மாப்பிள்ளையின் ஆட்கள் வந்திருக்கிறார்கள். வகுப்பும் விடுமுறை. கீழ் வீட்டில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல், மத்தியானமும் மாலையும்.

யாரோடும் பேசவில்லை. ஆறரை மணிக்கு என்னையறியாமல் போனை எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 4, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது.

ஹே. மேடம் அழைத்தார். சனிக்கிழமை வகுப்பறையை நர்ஸிங் கோச்சிங்குக்கு விட்டுவிடலாம், இரண்டு பேருக்காக ஓர் அறை எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம்.

"பரீட்சையைப் போனிலயா எழுதப் போறாங்க? பெஞ்சுல உட்கார்ந்து, பேனாவால, மூணு மணி நேரம். அதுக்குப் பழக வேண்டாமா?" என்றேன். என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. நானே போன் வகுப்பைப் புகழ்ந்து பேசியவன், நவம்பரிலிருந்து. இப்போது இதற்கும் வாதாடுகிறேன்.

மேடம் வகுப்புக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். முனிலட்சுமி பலகைக்கு வந்து தேற்றத்தை எழுதினாள், ஓர் இடத்தில் தட்டுத்தடுமாறி, தானே அழித்து, தானே திருத்தி. முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடம், இந்த ரூமை எடுத்துட்டீங்கன்னா நான் நின்னுடுவேன். பயமுறுத்தலை. உண்மையைச் சொல்றேன்" என்றாள்.

பரீட்சை வரை அறை இருக்கும். அதற்குப் பிறகு எல்லாமே போன்தான். அவ்வளவுதான் முடிந்தது.

ஏப்ரல் 5, புதன்

சென்னை ஏர்போர்ட். நானும் கவிதாவும். வெளியே வந்தவளை முதலில் பார்த்தது கவிதாதான். நான் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளைத்திருக்கிறாள். கண்ணாடி. பெட்டியில் பாதி புத்தகம்.

என் அறையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்னதா?" என்றாள். போனில் பெரிதாகத் தெரிந்ததாம். மாலை முழுவதும் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சு வரவில்லை. துன்னீங்களா என்று கேட்க முடியாது, சேர்ந்துதானே சாப்பிட்டோம். அவள் அடுப்பு பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்ததும் எனக்கும் வந்தது.

ஏப்ரல் 8, சனி

கடைசி நேர் வகுப்பு. சேர்ந்து கிளம்பினோம். தெருமுனை வந்ததும் "நீங்க முன்னால போங்க" என்றாள். "சாரோட வந்தா நல்லாருக்காது."

பரீட்சை நெருங்கியதால் நிறையப் பேர் நேரிலேயே வந்திருந்தார்கள். ஆட்டோக்காரர். எருமை வீட்டுப் பெண். முகமும் பெயரும் சேர்ந்து வர எனக்கு நேரம் பிடித்தது. முனிலட்சுமி சரசுவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "குவைத் அம்மா! எந்த ஊரு உங்களுக்கு? இங்க யார் வீட்டில தங்கியிருக்கீங்க?"

சரசு என்னைப் பார்த்தாள். நான் பலகையைத் துடைத்தேன்.

"சார் வீட்டில" என்றாள்.

"சார் வீட்டிலயா?" முனிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! சார்! உங்க மேடமா! இத்தனை நாளா!" வகுப்பே கைதட்டியது. கிஷ்டையா எழுந்து நின்று கும்பிட்டார், அவர் கும்பிட்டதைப் பார்த்து ஆட்டோக்காரரும். சரசு முகம் சிவந்துபோய் நோட்டுக்குள் குனிந்துகொண்டாள்.

மாதிரித் தேர்வு கொடுத்தேன். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அப்போதுதான் பார்த்தேன், சரசு எழுதும்போது தலையை இடது தோள் பக்கம் சாய்த்துக்கொள்கிறாள். உதட்டை மடித்துக் கடிக்கிறாள். ஒரு வரி முடிந்ததும் பேனாவைத் தூக்கி அந்த வரியைப் பார்க்கிறாள், பிடித்திருக்கிறதா என்பது மாதிரி. கல்யாணமாகி மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் எழுதி நான் பார்த்ததே இல்லை. கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது வேறு.

மத்தியானம் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் மேஜையில். அவர்கள் பக்கமிருந்து ஒரே சிரிப்பு. என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 20, வியாழன்

கணக்குப் பரீட்சை. நெருப்பு வெயில். பள்ளிக்கூடத்துக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றேன். முனிலட்சுமியின் பையன், தண்ணீர் பாட்டிலோடு. எருமை வீட்டுப் பெண்ணின் மாமியார், மடியில் குழந்தை. பேசிக்கொண்டோம். "உங்க ஆளும் எழுதறாங்களா?" என்று மாமியார் கேட்டார். ஆமாம் என்றேன்.

சரசு கடைசியாக வந்தாள். விரலெல்லாம் மை.

"அந்த முக்கோணம் வந்துச்சுங்க."

"எழுதினியா?"

"எழுதினேன். சரியான்னு மட்டும் இப்ப கேக்காதீங்க."

கேட்கவில்லை. கரும்புச் சாறு குடித்தோம். என் டம்ளரில் பாதியையும் அவளே குடித்தாள்.

ஏப்ரல் 26, புதன்

மறுபடி ஏர்போர்ட். இந்தத் தடவை நான் மட்டும், கவிதாவுக்கு லீவு இல்லை.

பஸ்ஸில் என் தோளில் தூங்கிக்கொண்டே வந்தாள். உள்ளே போவதற்கு முன், "ரெண்டு வருசங்க" என்றாள். தலையாட்டினேன். "உப்புமாவே துன்னுக்கினு இருக்காதீங்க." அதற்கும் தலையாட்டினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். வரிசை நகர்ந்துவிட்டது.

திருப்பதி பஸ்ஸில் ஜன்னல் சீட்.

ஜூன் 19, திங்கள்

காற்று, புழுதி. மழை வரும் போல இருந்தது, வரவில்லை.

காலை ரிசல்ட். மையத்தின் கம்ப்யூட்டரில் ஹே. மேடம் ஒவ்வொரு நம்பராகப் போட்டார். முனிலட்சுமி பாஸ். மேடம் போனில் சொன்னதும் அவள் அழுத அழுகை மேஜை வரை கேட்டது. கிஷ்டையா இரண்டு பாடத்தில் ஃபெயில், "இன்னொரு தடவை சார், நான் எங்கே போகப்போறேன்" என்றார்.

கே. சரஸ்வதி. எல்லாம் பாஸ். கணக்கில் வகுப்பிலேயே அதிகம்.

ஹே. மேடம் எனக்குக் கை கொடுத்தார். "ஹைப்ரிட் இல்லேன்னா இது நடந்திருக்குமா சார்?" நடந்திருக்காது. சொன்னேன்.

வகுப்பறை வாசலில் நின்று கூப்பிட்டேன். உள்ளே நர்ஸிங் பெண்கள், வேறொரு வாத்தியார்.

"சரசு, பாஸ்."

"கணக்குல?"

"கணக்குலதான் ஜாஸ்தி."

கிழவியிடம் ஓடுகிறாள், அரபியில் என்னவோ. கிழவி கைதட்டுகிறாள். சின்னச் சின்னதாக, பலமில்லாத கை. "ஸரா, ஸரா." சரசு சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. திரும்பிப் போனுக்கு வந்து, "இன்னிக்கே அவங்க பொண்ணுகிட்ட சொல்லிடறேங்க" என்றாள். சொல்லு என்றேன்.

அறைக்கு வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கீழ் வீடு பூட்டியிருந்தது. சும்மா இறங்கினால் எப்படி என்று அழுக்கில்லாத சட்டைகளையே ஐந்தை எடுத்துக்கொண்டு தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போனேன். இங்கே வந்ததிலிருந்து அவரிடம் போடுகிறேன், பெயர் கூடக் கேட்டதில்லை.

"என் வீட்டம்மா பத்தாவது பாஸ்" என்றேன் தெலுங்கில்.

பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா சார்! இந்த வயசுலயா! நல்ல விஷயம். ஊர்லயா இருக்காங்க? இங்க பார்த்ததில்லையே."

"குவைத்ல."

"எப்போ வர்றாங்க?"

"ரெண்டு வருஷம் ஆகும்" என்றேன். முதல் தடவையாக வாயால் சொன்னேன்.

மேலே இருந்த சட்டையை எடுத்து, ஏற்கெனவே மடிப்பு கலையாமல் இருந்ததைப் பார்த்து, என்னையும் பார்த்து, விரித்துத் தண்ணீர் தெளித்தார். "உட்காருங்க சார்" என்று ஸ்டூலைக் காலால் நகர்த்தினார்.

உட்கார்ந்தேன்.